மரத்துப்போகச் செய்யும் மருந்து
(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இசையும் நாட்டியமும் நிறைந்த இம்மேடையில் போதைப் பொருளைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் ஐயுறலாம். லோதி ரோடு குடியிருப்பில் நம் பிள்ளைகளை வளர்க்கும் நாம் இதனை அறியாதிருத்தல் தகாது என்பதாலேயே பேச முற்பட்டோம்.

'நார்க்காட்டிக்' என்னும் சொல் கிரேக்கத்தில் பிறந்தது. உணர்வு மரத்துப்போதல் என்பதே அதன் மூலப்பொருள். மருத்துவர்கள் அச்சொல்லால் முதன்மையாகக் குறிப்பது அபினையும் அதன் இனத்தையுமே. நமது 1985ஆம் ஆண்டுச் சட்டமோ கஞ்சாவையும் கோக்கா இலையையும் அதில் சேர்த்துள்ளது.

நம் தாய்மார்கள் குருமாவுக்கு அரைக்கும் கசகசாவைத் தரும் செடியே அபினையும் தருகிறது. விதை சமையலுக்கு உதவுவது; பசுங்காயைக் கீறினால் வடியும் பாலே அபின். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியரான செர்ட்யூர்னர் அதிலிருந்து மார்பினைப் பிரித்தெடுத்தார். மார்பினிலிருந்து ஆக்கப்பட்ட ஹெராயின் 1898இல் இருமல் மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. அதுவே கலப்படமாகி, 'ஸ்மாக்' என்னும் பெயரில் 1980களில் தில்லி வீதிகளில் பரவியது.

வலியைத் தணிக்க நம் உடலிலேயே எண்டார்பின் என்னும் பொருள்கள் சுரக்கின்றன. பூட்டில் சாவி பொருந்துவதுபோல் அவை மூளையணுக்களில் பொருந்துகின்றன. அபின் இனம் கள்ளச்சாவியாக அவ்விடத்தில் நுழைகிறது. வலியும் கவலையும் மறைகின்றன, கண்மணி சுருங்குகிறது, குடல் சோர்கிறது. அளவு மிஞ்சினால் மூச்சே நின்றுவிடும். நாள்தோறும் உட்கொள்வோர்க்கு நேற்றைய அளவு இன்று போதாது. நிறுத்தினாலோ கொட்டாவி, மூக்கொழுக்கு, உடல்வலி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை. நாளடைவில் அவர்கள் அதனை நாடுவது பெரிதும் இவ்வேதனைக்கு அஞ்சியே. சிலகாலம் விட்டிருந்தவர் பழைய அளவையே மீண்டும் எடுத்தால், உடல் தாங்காமல் உயிர் பிரியவும் நேரும்.

எனினும் புற்றுநோயாளியின் பொறுக்கவொண்ணா வலியை ஆற்றுவதும் அதே மார்பின்தான். அதனை நோயாளிகள் எளிதில் பெற 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே மருந்தைப் பழிப்பதில் பயனில்லை. மருத்துவர் கையிலிருந்து அது நழுவுவதே தீங்கு.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார், மானம் போய்விடும் என்று அஞ்சி, மகனை ஈராண்டு மறைத்து வைத்தனர். கேட்டவர்க்கு மஞ்சட்காமாலை என்றனர். நாமும் உள்ளூர ஐயுற்றோம். ஆயினும் வாய் திறந்து ஒரு சொல் கேட்டோமில்லை. அதுவும் ஒருவகை மரத்துப்போதலே அன்றோ! பின்னர் மருத்துவமனையை நாடினர். இன்று அவன் வேலைக்குச் செல்கிறான். அந்த ஈராண்டை யார் திருப்பித் தருவார்?

அபின் இனத்தைப் பயன்படுத்துவோர் நாட்டில் ஏறத்தாழ 2 கோடியே 26 லட்சம் பேர் என 2019இல் வெளியான அரசு ஆய்வு கூறுகிறது. நம் இல்லங்களுக்கு மட்டும் தனி வேலி ஏது? அகில இந்திய மருத்துவக் கழகத்தின் தேசிய சிகிச்சை மையம் அண்மையில் காஜியாபாத்தில் உள்ளது. 14446 என்னும் எண்ணில் இலவசமாக ஆலோசனை பெறலாம். அரசு ஏற்ற நிலையத்தில் தாமாகவே சிகிச்சை பெற முன்வருவோர்க்கு, உட்கொண்ட குற்றத்துக்கான வழக்கிலிருந்து சட்டத்தின் 64-ஏ பிரிவு விலக்களிக்கிறது.

ஆதலின், அன்பர்களே, அத்தகைய பிள்ளையைக் குற்றவாளி என ஒதுக்காமல் நோயாளி என அணைப்போம். அடுத்த வீட்டுக் கதவு நெடுநாள் சாத்தியிருக்கக் கண்டால், சென்று தட்டுவோம். சங்கம் என்பது அதற்கும்தான்.