விண்ணின் அதிர்வும் ஹிங்கோலியின் மண்ணும்

(தேசிய அறிவியல் தினத்தையொட்டித் தாணேயில் தமிழ் உறுப்பினர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



1853 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போரிபந்தரிலிருந்து புறப்பட்டு நமது தாணேக்குத்தான் வந்து சேர்ந்தது. தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள், ரயில் கண்ணில் படுவதற்கு முன்பே சுவரின் அதிர்வைக் கொண்டு அதன் வருகையை அறிந்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாததை அதிர்வால் அறிவது நமக்குப் புதிதல்ல. வானியல் அறிஞர்கள் 2015 முதல் செய்துவருவதும் அடிப்படையில் இதுவே.

பெரும் நிறையுள்ள பொருள்கள் ஒன்றையொன்று சுற்றும்போது வெளியே அதிர்ந்து அலைகள் பரவும் என்று 1916இல் ஐன்ஸ்டீன் கணித்தார். அந்த ஈர்ப்பலை 2015 செப்டம்பர் 14 அன்று, அமெரிக்காவில் உள்ள லைகோ நிலையங்கள் இரண்டிலும் முதன்முறையாகப் பதிவாயிற்று. சுமார் 130 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றான செய்தியை அது கொண்டுவந்தது. ஒவ்வொரு நிலையத்திலும் 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு குழாய்கள் செங்குத்தாக இணைந்துள்ளன. அவற்றினுள் லேசர் ஒளி ஓடித் திரும்புகிறது. ஈர்ப்பலை கடக்கும்போது குழாயின் நீளத்தில் ஏற்படும் மாற்றம், ஒரு புரோட்டானின் விட்டத்தைவிடப் பல நூறு மடங்கு சிறியது. அதை அளக்கும் கருவிக்குத் தொலைவில் செல்லும் லாரியும் இடையூறே. ரயில் ஓயாத தாணேயில் இப்படியொரு நிலையத்தை நினைத்தும் பார்க்க முடியாது.

2017 ஆகஸ்ட் 17 அன்று பதிவான அலை வேறு வகையானது. அது இரண்டு நியூட்ரான் விண்மீன்களின் மோதலிலிருந்து வந்தது. நியூட்ரான் விண்மீன் என்பது, பெரிய விண்மீன் ஒன்று வெடித்த பின் எஞ்சும் கரு. சூரியனைவிட அதிக நிறை, தாணேக்கும் தாதருக்கும் இடைப்பட்ட தூரத்துக்குள் அடங்கிவிடும். அதில் ஒரு தேக்கரண்டி அளவு எடுத்தால் நூறு கோடி டன்னுக்கு மேல் இருக்கும். ஈர்ப்பலை நின்று 1.7 விநாடியில் காமா கதிர் வெடிப்பைச் செயற்கைக்கோள்கள் கண்டன. இத்தாலியின் விர்கோ நிலையமும் சேர்ந்திருந்ததால் அலை வந்த திசை குறுகிற்று. சில மணி நேரத்தில், 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தில் அந்த ஒளியைத் தொலைநோக்கி கண்டுபிடித்தது. பூமியைப் போன்ற பல கோள்களின் எடைக்கு ஈடான கனத் தனிமங்கள் அங்கே உருவாகிச் சிதறின என்று அந்த ஒளி காட்டியது. அவற்றுள் தங்கமும் அடக்கம். மாதக் கடைசியில் நம் வீட்டுப் பெண்கள் அடகுக்கடைக்குக் கொண்டுசெல்லும் பொட்டுத் தங்கத்துக்கும் இத்தகைய ஒரு வரலாறு இருக்கக்கூடும்.

இந்த அறிவு யாருடையது? 1930 ஜூலை 31 அன்று, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் என்ற 19 வயது இளைஞர் இதே பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிந்து முடிந்த விண்மீன் ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேல் நிலைத்திருக்க முடியாது என்பதற்கான கணக்கைப் பயணத்திலேயே தொடங்கினார். 1935இல் எடிங்டன் அதை வெளிப்படையாக எள்ளி நகையாடினார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு 1983இல்தான் கிடைத்தது. துடிக்கும் நியூட்ரான் விண்மீனை 1967இல் முதலில் கவனித்தவர் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி. 1974இல் அதற்கான பரிசு அவருடைய பேராசிரியருக்குப் போயிற்று. 2015ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பை அறிவித்த கட்டுரையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டிருந்தனர். பரிசு பெற்றவர்கள் மூவர். விஸ்வேஸ்வரா, பாலா ஐயர், சஞ்சீவ் துரந்தர் முதலிய இந்திய அறிஞர்களின் பல்லாண்டுக் கணக்குகள் இந்தத் துறையின் அடித்தளத்தில் உள்ளன. அறிவு கூட்டு உழைப்பின் விளைச்சல். பெயர் மட்டுமே சிலருக்குச் சேர்கிறது.

தோழர்களே, இனி நம் மாநிலத்துக்கு வருவோம். மராத்வாடாவின் ஹிங்கோலி மாவட்டத்தில், ஔண்டா வட்டத்தில் லைகோ-இந்தியா அமையவிருக்கிறது. 2016 பிப்ரவரியில் ஒன்றிய அமைச்சரவை கொள்கை ஒப்புதல் தந்தது. 2,600 கோடி ரூபாய்க்கான முழு ஒப்புதல் 2023 ஏப்ரலில்தான் வந்தது. இடையில் ஏழு ஆண்டுகள் கரைந்துபோயின. ஓசை வரும் திசையை அறிய இரண்டு காதுகள் வேண்டும். அலை வரும் திசையை அறிய உலகின் வெவ்வேறு மூலைகளில் நிலையங்கள் வேண்டும். அமெரிக்காவிலிருந்து வெகு தொலைவிலுள்ள ஹிங்கோலியின் மதிப்பு அதுவே.

வறட்சியும் கடனும் விவசாயிகளின் உயிரைக் குடிக்கும் மராத்வாடாவில் இவ்வளவு பணம் விண்ணுக்காகவா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விவசாயிக்குச் சேர வேண்டிய பணத்தை அறிவியல் பறித்துவிடவில்லை. கடன் தள்ளுபடியும் வேண்டும், ஆய்வகமும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பதை நாம் ஏற்கலாகாது. அதே வேளையில், மக்கள் பணத்தில் எழும் நிலையம் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். வெற்றிடக் குழாய், லேசர், மின்னணுவியல் வேலைகளில் அந்த மாவட்டத்தின் இளைஞர்களும் இளம்பெண்களும் பயிற்சி பெற வேண்டும். அவர்களுக்குக் காவலாளி வேலையும் துப்புரவு ஒப்பந்தமும் மட்டுமே மிஞ்சுமானால், அது அறிவியலுக்கும் இழுக்கு.

இன்னொன்றையும் மறக்கலாகாது. ஈர்ப்பலை பதிவான அதே 2015இல், பிப்ரவரி மாதம், கோலாப்பூரில் தோழர் கோவிந்த் பன்சாரே சுடப்பட்டு உயிரிழந்தார். அதற்கு முன் 2013இல் புனேயில் நரேந்திர தபோல்கர் கொல்லப்பட்டார். கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்ததே அவர்கள் செய்த குற்றம். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51-ஏ பிரிவு கூறுகிறது. கோடிகளைக் கொட்டிக் கருவியை அமைத்துவிட்டு, கேள்வி கேட்பவரைத் தனியே விட்டுவிடும் நாட்டில் அந்தக் கருவி யாருக்காகக் கேட்கும்?

நட்சத்திரம் நம் தலைவிதியை எழுதுவதில்லை. ஆனால் நம் குருதியில் ஓடும் இரும்பு விண்மீன்களுக்குள் உருவானது. இந்த உண்மையை நம் குடியிருப்புகளில், நம் பிள்ளைகளிடம், நம் தாய்மொழியில் எடுத்துச் சொல்வோம். ஹிங்கோலியில் கருவி இயங்கத் தொடங்கும் நாளில், அது என்ன கேட்கிறது என்று புரிந்துகொள்ளும் ஒரு தலைமுறை தாராவியிலும் செம்பூரிலும் தாணேயிலும் இருக்கட்டும்.