நவம்பர் 1-தான் தமிழ்நாடு நாள்!

தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் ஷிப்டு முடித்து நேராக இந்தத் திடலுக்கு வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே!

தமிழ்நாடு நாள் எது? 2019-ல் அரசு சொன்னது நவம்பர் 1. 2021 அக்டோபர் 30-ல் அடுத்த அரசு சொன்னது ஜூலை 18. ஆட்சி மாறினால் மாநிலத்தின் பிறந்தநாளும் மாறுமா?

ஜூலை 18-ஐக் குறைத்துப் பேச நான் வரவில்லை. 1967-ல் அன்றுதான் பேரறிஞர் அண்ணா பெயர் மாற்றத் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். 'தமிழ்நாடு' என்ற அந்தப் பெயரைக் கேட்டுத்தான் தியாகி சங்கரலிங்கனார் 1956-ல் பட்டினி கிடந்து உயிர்விட்டார். ஆனால் பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன்பே, 1956 நவம்பர் 1-ல், மொழிவாரிப் பிரிப்பில் மாநிலம் பிறந்துவிட்டது!

"நவம்பர் 1 மண்ணைப் பறிகொடுத்த நாளாயிற்றே, கொண்டாடலாமா?" என்கிறார்கள். வடஆர்க்காட்டுக்காரனிடமா இந்தக் கேள்வி? சித்தூரும் திருப்பதியும் நம் கையை விட்டுப் போனது 1953 அக்டோபர் 1-ல், ஆந்திரம் பிரிந்தபோது. தமிழறிஞர் மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் மூட்டிய போராட்டத்தால் திருத்தணி திரும்பி வந்தது 1960 ஏப்ரல் 1-ல். தெற்கே தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்காமல் போனது உண்மைதான். ஆனால் 1954-ல் துப்பாக்கிச் சூட்டில் செத்த கன்னியாகுமரித் தமிழன் கேட்ட தமிழக இணைப்பு கிடைத்ததும் அதே நவம்பர் 1-ல்தான்! அன்றைக்கு எல்லைப் போராட்டத் தியாகிகளை மட்டும் நினைத்தால் போதுமா? அவர்கள் வாங்கித் தந்ததைக் கொண்டாட வேண்டாமா?

நம் ஆம்பூரைப் பாருங்கள். ஷூவின் அப்பர் தைக்கும் வரிசையில் ஒரு அக்கா தமிழ் பேசுகிறார், பக்கத்து மெஷினில் உருது, அதற்கடுத்து தெலுங்கு. மூன்று பேர் கையும் பட்டுத்தான் ஒரு ஜோடி ஷூ பெட்டிக்குள் போகிறது. குறைந்தபட்சக் கூலியானாலும் ரேஷன் அரிசியானாலும் மூவரும் கேட்பது இந்த மாநில அரசிடம். அந்த மாநிலம் உருவான நாள் மூவருக்கும் சொந்தம்.

2008-ல் தைப் புத்தாண்டுக்குச் சட்டம் போட்டார்கள். 2011-ல் அதை எடுத்துவிட்டார்கள். இதிலும் அந்தக் கதி வேண்டாம். எல்லாக் கட்சிகளும் உட்கார்ந்து பேசுங்கள். நவம்பர் 1 தமிழ்நாடு நாள், ஜூலை 18 பெயர் சூட்டிய நாள் என்று சட்டமன்றத்தில் ஒருமனதாக முடிவெடுங்கள். ஓட்டுக் கேட்டு எவர் வந்தாலும் இதற்குப் பதில் கேளுங்கள், தோழர்களே!