திடீர்ச் சாவும் தலையெழுத்தும்
(பூலாம்பாடியில் பேசியதன் சுருக்கம்)



முப்பது வயதுக்காரன் ஒருவன் வயலிலோ, பந்தாடும் இடத்திலோ சட்டென்று விழுந்து செத்துவிட்டால் நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? "அவன் ஆயுசு அவ்வளவுதான்" என்கிறார்கள். பிறகு ஜாதகத்தைப் புரட்டுகிறார்கள். அதிலும் திருப்தி ஏற்படாமல், அவனைக் கட்டிக்கொண்ட பெண்ணின் ராசியைக் குறை கூறுகிறார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் மீதே பழியையும் சுமத்துகிற நியாயம் வேறு எந்தக் கோர்ட்டிலாவது உண்டா? இவை போதாதென்று, கொரோனா தடுப்பூசிதான் வாலிபர்களைக் கொல்லுகிறது என்ற புரளியும் சில வருஷங்களாகக் கிளம்பியிருக்கிறது.

இது மெய்யா, பொய்யா என்பதை வாய்ப்பேச்சில் விடாமல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த, சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தார் 2023-ல் ஆராய்ந்தார்கள். 47 பெரிய ஆஸ்பத்திரிகள் இதில் சேர்ந்தன. 18 முதல் 45 வயதுக்குள், காரணம் தெரியாமல் திடீரென இறந்த 729 பேருடைய விவரங்களை, அதே வயதும் அதே அக்கம்பக்கமுமான 2,916 பேருடைய விவரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

கண்டதென்ன? தடுப்பூசியால் அபாயம் கூடவில்லை. இரண்டு ஊசி போட்டவர்களுக்குக் குறைந்தே இருந்தது. அபாயம் கூடுதலாய் இருந்தது யாருக்கென்றால், கொரோனாவினால் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களுக்கும், குடும்பத்தில் முன்பே திடீர்ச் சாவு கண்டவர்களுக்கும், முந்திய 48 மணி நேரத்துக்குள் மிதமிஞ்சிக் குடித்தவர்கள், போதை வஸ்து உட்கொண்டவர்கள், கடுமையாக உடலை வருத்தியவர்கள் ஆகியோருக்குமேயாகும். எல்லாம் தலையெழுத்தே என்றால், அந்த எழுத்து சாராயக் கடைப் பக்கமாகப் பார்த்து எழுதப்படுவானேன்?

தோழர்களே! இதில் குடும்பத்தைப் பற்றிய சங்கதியைக் கவனியுங்கள். இருதயச் சதை தடித்துப் போவதும், அதன் மின்னோட்டம் தாறுமாறாவதும் சில குடும்பங்களில் பரம்பரையாய் வருபவை. வெளிக்கு ஆள் திடகாத்திரமாகவே இருப்பான். ஆகவே அண்ணன் இப்படிச் செத்தால், தம்பிக்குச் செய்ய வேண்டியது பரிகாரமா, ஈ.சி.ஜி. பரிசோதனையா? விதியென்று சொல்லி அண்ணனை எரித்துவிட்டுச் சும்மா இருப்பது, தம்பியையும் சாகவிடுவதாகாதா?

ஒருவன் நினைவற்று விழுந்து மூச்சில்லாமல் கிடந்தால், திருநீறு பூசி நேரத்தைப் போக்காதீர்கள். ஒருவர் 108-க்குச் சொல்லட்டும். மற்றொருவர் அவன் நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து, இரண்டு அங்குல ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, விடாமல் அழுத்தட்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். பெரம்பலூருக்குக் கொண்டுபோய்க் கொள்ளலாமென்று கையைக் கட்டி நின்றால் காரியம் கெட்டுவிடும். நினைவோடு நெஞ்சுவலி கண்டவர்களோ, வாயுவென்று கஷாயம் குடித்துக் கிடக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓட வேண்டும். 2023-ல் ஏற்பட்ட "இதயம் காப்போம்" திட்டத்தின்படி, மாரடைப்புக்கான முதல் மருந்தை அங்கேயே கொடுக்க ஏற்பாடாயிற்று.

ஆகவே, இனி இவ்வூரில் ஒரு வாலிபன் திடீரென இறந்தால், அவன் மனைவியின் ராசியைக் கேளாதீர்கள். அவன் தம்பியையும் பிள்ளைகளையும் வைத்தியரிடம் காட்டியாயிற்றா என்று கேளுங்கள்.