சாபமல்ல, சுகவீனம்

(வாழவந்தி நாட்டில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஆஸ்பத்திரி போதகர் பேசியது)



"ஐயா, எங்க அம்மாவுக்கும் இந்த வயசுலதான் இது வந்தது. எனக்கும் வந்திருச்சு. நாளைக்கு என் பொண்ணுக்கும் வருமா? இது சாபந்தானே?"

ஐம்பத்திரண்டு வயதுத் தாய் ஒருவர் முன்பு என்னிடம் இப்படிக் கேட்டார். மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம். தூக்கமில்லை, பசியில்லை, காட்டு வேலையிலும் நாட்டமில்லை. நான் ஜெபித்து, "விசுவாசமாயிருங்கள்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். டாக்டரிடம் அனுப்பவில்லை. அது என் தவறு. இரண்டு மாதம் கழித்து மகள் அவரை எலும்பும் தோலுமாய்க் கூட்டிவந்தாள். பிறகுதான் வைத்தியம் கிடைத்தது, சுகமும் கிடைத்தது.

அவர் கேட்டதற்கு இன்று பதில் சொல்லுகிறேன்.

மனச்சோர்வு குடும்பத்தில் வருவதுண்டு. தாய்க்கோ உடன்பிறந்தவருக்கோ கடுமையாக இருந்தால், மற்றவர்களைவிட 2 முதல் 3 மடங்கு அதிகமாய் வரக்கூடும். ஆனால் இதற்கென்று ஒரே ஒரு மரபணு கிடையாது. 2019-ல் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்றில், நூற்றுக்கும் மேற்பட்ட மரபணு வேறுபாடுகள் இதனோடு தொடர்புள்ளவை என்று கண்டார்கள். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. ஆகையால் இரத்தத்தைச் சோதித்து, "உன் மகளுக்கு வரும்" என்று யாரும் சொல்லமுடியாது.

ஒரே சாமை விதையை இரண்டு காட்டில் விதைத்தால், மண்ணும் மழையும் பார்த்துத்தானே விளைகிறது? அப்படியே மரபணுவோடு வேறு காரணங்களும் சேருகின்றன. மாதவிலக்கு நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கிக் குறைகிறது, தூக்கம் கெடுகிறது. விதவைத்தனம், கடன், தனிமையும் அழுத்தும். முன்பே ஒருமுறை மனச்சோர்வு கண்டவர்கள் இக்காலத்தில் கூடுதல் கவனமாயிருக்கவேண்டும். தைராய்டு குறைவும் இரத்தச்சோகையும் இதே மாதிரி சோர்வைத் தருவதால், அவற்றையும் டாக்டர் சோதிப்பார்.

எல்லாத் துக்கமும் நோயல்ல. 1929-ல் இந்த மலையில் ஜெஸ்ஸி பிராண்ட் காய்ச்சலில் மரித்தபோது, அவர் மனைவி ஈவ்லின் அம்மையாருக்கு வயது 50. ஆழ்ந்த துக்கம் அனுபவித்த அவர், பின்னும் பல்லாண்டு மலைமக்களுக்கு ஊழியம் செய்து 1974-ல் மரித்தார். ஆனால் இரண்டு வாரத்துக்குமேல் நாள் முழுதும் மனம் இருண்டு, ஊணும் உறக்கமும் கெட்டு, வேலை ஓடாமலிருந்தால், அதைத் துக்கமென்று விட்டுவிடாதீர்கள்.

எலியா சூரைச்செடியின்கீழ்ச் சாக விரும்பியபோது ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் தூங்கவும் சாப்பிடவும் செய்தார். பேச்சு பிறகுதான் வந்தது. நாமும் அப்படியே செய்வோம். ஜெபியுங்கள், டாக்டரிடமும் கூட்டிப்போங்கள். அவர் மாத்திரை கொடுத்தால், சுகமானவுடன் நீங்களாக நிறுத்தாதீர்கள். "சாகலாம்போல இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் தனியே விடாதீர்கள். 14416 என்ற அரசு மனநல எண்ணில் இரவும் பகலும் இலவசமாய்ப் பேசலாம்.

தாய்க்கு இருந்ததை மகளுக்கு மறைக்காதீர்கள். அவள் கலியாணம் தடைப்படும் என்று அஞ்சி மறைத்தால், பின்னாளில் அவளுக்கே தன் சுகவீனம் விளங்காமற்போகும். தெரிந்தவள் காலத்தில் உதவி தேடுவாள். அந்தத் தாய்க்கு நான் அன்றே சொல்லியிருக்கவேண்டியது இதுதான்: அம்மா, இது சாபமல்ல, சுகவீனம், இதற்கு வைத்தியம் உண்டு.