எழுதிய துணியும் எழுதியவர் பெயரும்

ஓவியம் வரைதல் என்று இன்று நாம் கூறுவதை நம் முன்னோர் ஓவியம் எழுதுதல் என்றனர். அச்சொல் இன்றும் முழுப்பொருளோடு வழங்கத்தக்க ஊர் ஒன்று தமிழகத்தின் வட எல்லைக்கு அப்பால் இருக்கின்றது. சித்தூரை அடுத்த புத்தலப்பட்டிலிருந்து திருப்பதி வழியாக நாயுடுபேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள சீகாளத்தியே அது. கண்ணப்பர் வரலாற்றால் தமிழர் அனைவரும் அறிந்த தலம். தேவார மூவரும் பாடிய பதி. முன்னர் சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. அங்கே மூங்கிற்கோலை எழுதுகோலாகக் கொண்டு துணியிற் சித்திரம் எழுதுகின்றனர். இதற்குக் கலம்காரி என்று பெயர். பாரசீக மொழியில் கலம் என்பது எழுதுகோல். காரி என்பது வேலை.

பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்கள் இத்துணிகளைப் பெரும்பாலும் கண்காட்சிகளிலேயே காண்கின்றனர். புதுதில்லியின் கைவினை அருங்காட்சியகத்திலோ, ஐதராபாத்தின் சில்பாராமத்திலோ, தங்கள் ஊரிலுள்ள கலைக்கூடம் ஒன்றிலோ அவை தொங்கக் காணலாம். நிறைவுற்ற துணியைக் காண்பது எளிது. அது எவ்வாறு நிறைவுற்றது என்பதை அறிந்து காண்பவருக்கே அதன் அருமை விளங்கும்.

முதலில் வெளுக்காத பருத்தித் துணியைத் துவைத்து, கடுக்காய்ப் பொடி கரைத்த எருமைப் பாலில் தோய்த்து உலர்த்துகின்றனர். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பற்றிக்கொள்ள உதவுகின்றது. பாலிலுள்ள கொழுப்பு, எழுதும் கோடு பரவிவிடாமற் காக்கின்றது. பின்னர்ப் புளியங்குச்சிக் கரியினால் உருவங்களின் சாயலைத் துணியில் இடுகின்றனர்.

அதன்மேல் ஓடுவது கலம். கூராகச் சீவிய மூங்கிற்கோலின் நுனிக்குச் சற்று மேலே கம்பளி நூலையோ துணியையோ பந்துபோற் சுற்றி நூலாற் கட்டியிருப்பர். அப்பந்து சாயத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எழுதுவோர் அதை விரலால் மெல்ல அழுத்த, சாயம் நுனிக்கு இறங்கும். அழுத்தம் சிறிது மிகுந்தால் கோடு தடிக்கும், குறைந்தால் அறுபடும். கருஞ்சாயம் எழுதிய கோட்டை அழிக்க வழியில்லை.

அக்கருஞ்சாயமும் கடையில் வாங்கியதன்று. துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் இட்டுப் பல நாள் ஊறவைத்துப் பெறுவது. கடுக்காய் ஏறிய துணியை அந்நீர் தொட்டவுடன் கோடு கருமையாகின்றது. சிவப்பு வேண்டிய இடங்களிற் படிகார நீரைப் பூசி, ஓடும் நீரில் அலசி, சாயவேர், மஞ்சிட்டி முதலியவற்றோடு கொதிக்க வைப்பர். துணி முழுதும் அச்சாய நீரில் மூழ்கினாலும், படிகாரம் பட்ட இடத்தில் மட்டுமே சிவப்பு நிலைக்கின்றது. கடுக்காய்ப்பூவிலிருந்து மஞ்சளும் அவுரியிலிருந்து நீலமும் பெறுகின்றனர். மஞ்சளின்மேல் நீலம் ஏறப் பச்சை தோன்றுகின்றது. ஒவ்வொரு நிறத்திற்கும் இடையே அலசலும் உலர்த்தலும் உண்டு. ஆதலின் நாளும் வெயிலும் நீரும் இத்தொழிலுக்கு இன்றியமையாதன. சீகாளத்தியின் ஆறு சுவர்ணமுகி, தமிழில் பொன்முகலி. மழைக்காலம் கழிந்தபின் அது பெரிதும் மணலாகவே கிடக்கும். ஓடும் நீர் இல்லாத நாள்களில் அலசும் வேலை அரிதாகிவிடுகின்றது.

இத்துணிகள் கோயில்களில் தொங்கவிடுவதற்கு எழுந்தவை. நடுவே பெரிய உருவம் ஒன்று. அதனைச் சூழ்ந்து வரிசை வரிசையாகச் சிறு கட்டங்கள். இராமகாதையோ பாரதமோ கட்டம் கட்டமாக நடைபெறும். கட்டங்களை ஒட்டித் தெலுங்கு எழுத்தில் கதைக் குறிப்பு ஓடும். எழுத்தறியாதவர் படத்தைப் படித்தனர். அறிந்தவர் இரண்டையும் படித்தனர். தமிழகத்திலும் இதன் உடன்பிறப்பு உண்டு. கும்பகோணத்திற்கு அருகிலுள்ள சிக்கல்நாயக்கன்பேட்டையிற் கோயில் விதானங்களும் தொம்பைகளும் இன்றும் கலத்தால் எழுதப்பெறுகின்றன. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது எல்லைக்கோடு மாறியது. இவ்விரு ஊர்களின் கைத்திறனுக்கு இடையே இருந்த உறவு மாறவில்லை.

கோயில்களின் ஆதரவும் செல்வரின் ஆதரவும் குறைந்தபின், சென்ற நூற்றாண்டின் நடுவில் சீகாளத்தியில் இக்கலையை அறிந்தோர் மிகச் சிலரே எஞ்சினர். அந்நிலையிற் கமலாதேவி சட்டோபாத்தியாயரின் முயற்சியால், 1952-இல் தோன்றிய அகில இந்தியக் கைவினை வாரியம், 1950-களின் இறுதியில் அவ்வூரில் ஒரு பயிற்சி நிலையத்தை அமைத்தது. ஜொன்னலகட்ட இலட்சுமையா அங்கு ஆசிரியரானார். வீட்டிற்குள் தந்தை மகனுக்குக் கற்பித்த தொழில், அன்றுமுதல் பிறருக்கும் திறந்தது. அவருடைய மகன் குருப்ப செட்டி 2008-இல் பத்மசிறீ விருது பெற்றார். இன்று அவ்வூரிற் பெண்கள் பலரும் கலம் பிடிக்கின்றனர். பல இல்லங்களின் முன்னறையே தொழிற்கூடமும் காட்சிக்கூடமுமாக விளங்குகின்றது: ஒருபுறம் பாலில் தோய்ந்த துணி உலரும், ஒருபுறம் கரிக்கோட்டு உருவம் நிறத்திற்குக் காத்திருக்கும், சுவரில் நிறைவுற்ற துணி தொங்கும்.

ஆயினும் இவர்களுக்கு ஓர் இடர் உண்டு. திங்கள் கணக்கில் உழைத்து எழுதிய துணியின் உருவத்தை, இயந்திரம் சில நிமிடங்களில் அச்சிட்டுத் தள்ளுகின்றது. அவ்வச்சுத் துணியும் கலம்காரி என்ற பெயரிலேயே விற்பனைக்கு வருகின்றது. சீகாளத்திக் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது; எனினும் வாங்குவோர் கண் திறந்து பாராவிடில், குறியீடு மட்டும் கைவினைஞருக்குச் சோறிடாது.

வேறுபாடு காண்பது கடினமன்று. ஒரே துணியில் ஒரே மலரை இரண்டு இடங்களிற் பாருங்கள். கையால் எழுதியதாயின் இரண்டும் சிறிதேனும் வேறுபடும். கோட்டின் தடிப்பு ஓரிடத்திற் பருத்து ஓரிடத்தில் மெலிந்து செல்லும். துணியின் மறுபுறத்தைத் திருப்பிப் பாருங்கள். தோய்ந்த சாயம் அங்கும் ஊறியிருக்கும். புதிய துணியிற் பாலின் மணம்கூட எஞ்சியிருப்பதுண்டு.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கண்காட்சியில் ஒரு துணி உங்களைக் கவருமாயின், விலையைக் கேட்பதற்கு முன்னர், இதை எழுதியவர் யார் என்று கேளுங்கள். விற்பவருக்குப் பெயர் தெரியாதாயின், தெரிந்து சொல்லுமாறு கேளுங்கள். பன்னூற்றாண்டுகளாகச் சோழமண்டலக் கரையின் எழுதிய துணிகள் கடல் கடந்து சென்றன. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவற்றை இன்றும் காணலாம். அவற்றை எழுதிய கைகளுள் பெரும்பாலானவற்றின் பெயர் நமக்கு எட்டவில்லை. இன்று எழுதுவோர் பெயரையாவது நாம் கேட்டறியலாம். கேட்போர் பெருகினால் விற்போரும் அப்பெயரைத் துணியோடு சேர்த்துத் தருவர்.