ஆங்கிலத் தொடரில் சூழல் உணர்த்தும் சொற்கள்



ஒரு செயல் நிகழ்ந்ததை வினைச்சொல் கூறும். அஃது எப்போது, எங்கே, எவ்வாறு, எதனால் நிகழ்ந்தது என்பவற்றைக் கூறுவன வேறு சொற்கள். ஆங்கில இலக்கணம் இப்பணியை வினையடைக்கும், முன்னிடைச்சொல்லை முதலாகக் கொண்ட தொடருக்கும் பகிர்ந்தளித்துள்ளது. ஆங்கிலக் கவிதையைத் தமிழாக்குவோர் பலகாலும் இடறுமிடம் இதுவேயாகும்.

தொல்காப்பியர் வினை, நிலம், காலம் மூன்றையும் ஏழாம் வேற்றுமையின் பொருளாக வகுத்து, கண், கீழ், மேல், முன், பின் முதலிய 19 சொற்களைச் சுட்டினார். இவை பெயரின் பின்னே வருவன. ஆங்கிலத்தின் 'இன்', 'ஆன்', 'அட்' ஆகியன பெயரின் முன்னே தனித்து நிற்பன. பழைய ஆங்கிலமும் வேற்றுமை ஈறுகள் மிக்க மொழியே. அவ்வீறுகள் தேய்ந்தபோது, முன்னிடைச்சொற்களும் சொல்வரிசையும் அவற்றின் சுமையை ஏற்றன.

வினையடைக்கு ஆங்கிலம் பெரிதும் கையாளும் 'லி' என்னும் ஈறு, உடல், வடிவம் எனப் பொருள்படும் பழஞ்சொல்லின் தேய்வு. தமிழின் 'ஆக' என்பதோ 'ஆகு' என்னும் வினையிலிருந்து பிறந்தது.

வரிசையிலும் வேறுபாடு உண்டு. 'ஷி சேங் ஸ்வீட்லி இன் லண்டன் எஸ்டர்டே' என்பதில் வினைக்குப் பின் தன்மை, இடம், காலம் என்னும் முறை அமைகிறது. 'அவள் நேற்று இலண்டனில் இனிமையாகப் பாடினாள்' என்னும் தமிழில் அம்முறை தலைகீழாகிறது. இரு மொழியிலும் தன்மையே வினையை ஒட்டி நிற்கிறது.

இடம் மாறினால் பொருளும் மாறும். 'ஹேப்பிலி' என்னும் சொல் 'ஹி டிட் நாட் டை' என்பதன் முன்னே நின்றால், 'நல்லவேளையாக அவன் சாகவில்லை' என்பது பொருள். இறுதியில் நின்றால், 'அவன் மகிழ்ச்சியோடு சாகவில்லை' என்றாகிவிடும். முன்னதில் அவன் உயிரோடிருக்கிறான். பின்னதில் துயரோடு இறந்துபோனான். அகராதிப் பொருளை மட்டும் நம்பும் மொழிபெயர்ப்பாளர் பிழைத்தவனைக் கொன்றுவிடக்கூடும்.

மற்றொன்று: 'ஷி சா த மேன் வித் த டெலஸ்கோப்'. தொலைநோக்கி யாருடையது? 'தொலைநோக்கியால் அம்மனிதனைக் கண்டாள்' எனலாம். 'தொலைநோக்கி வைத்திருந்த மனிதனைக் கண்டாள்' எனவும் கூறலாம். ஆங்கிலத்தின் 'வித்' இரண்டிற்கும் இடந்தருகிறது. தமிழில் உருபோ எச்சமோ ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் செய்கிறது. மூலக் கவிஞர் வேண்டுமென்றே ஐயத்தை வைத்திருப்பின், அத்தேர்வினால் கவிதையின் ஒரு கதவு சாத்தப்படும். எனவே, தேர்வதற்கு முன் அவ்வையம் மொழியின் இயல்பா, கவிஞரின் கருத்தா என ஆராய்தல் வேண்டும்.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் கவிஞர்கள் பிறமொழிப் பாடல்களைத் தமிழுக்குத் தரும்போது, சிறு சொற்களிடத்தும் இக்கவனத்தைச் செலுத்துவார்களாக. வினையைப் பெயர்ப்பது எளிது. அவ்வினை நிகழ்ந்த பொழுதையும் இடத்தையும் தன்மையையும் பிறழாமல் பெயர்ப்பதே அரிது.

வளர்க வட்டம்! வெல்க தமிழ்!