கிளிஞ்சல் சுண்ணாம்பாகும் வழி

கிளிஞ்சல், சங்கு, முத்துச்சிப்பி, பவளப்பாறை எல்லாம் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்ற ஒரே சேர்மத்தால் ஆனவை. தூத்துக்குடிக் கரையோரத்தில் கிளிஞ்சலையும் பவளத்தையும் காளவாசலில் கரியோடு அடுக்கிச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தது பழைய தொழில்.

சூடு ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸை எட்டும்போது சேர்மம் பிரிகிறது. கரியமில வாயு வெளியேறி, கால்சியம் ஆக்சைடு என்னும் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சுகிறது. தூய கார்பனேட் 100 கிலோ சுட்டால் 56 கிலோதான் தேறும். மீதி 44 கிலோ வாயுவாகப் போய்விடும். அந்த வாயு உள்ளேயே தேங்கினால் பிரிவது தடைபடும். ஆகவே காளவாசலுக்குத் தீயைப் போலவே காற்றோட்டமும் முக்கியம்.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் தெளித்தால் கொதித்துப் பொடியாகும். வெள்ளையடிக்கவும் வெற்றிலைக்கும் பயன்படுவது இந்த நீற்றிய சுண்ணாம்பே. சுவரில் பூசியபின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி, மறுபடி கால்சியம் கார்பனேட்டாக இறுகுவது வியக்கத்தக்கது.

 

இந்தத் தொழிலில் வேதனை தருவது, சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டியதுதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 2001 முதல், பாறை கட்டும் பவளங்களை எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.